எங்கள் அடுப்பில் ஏறிய பால்

புது அண்டாவை முதல் முறையாக அடுப்பில் ஏற்றிய அந்தச் சாயங்காலம் அம்மா இருந்தாள், நான் இருந்தேன், அதைச் செய்து கொடுத்த ஆரணித் தகரக்கடை பாய் இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா யாரும் கூப்பிடாமலே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நைனா மட்டும் இல்லை. ரயிலடி வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார். அந்த நேரத்தில் ரயிலடியில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அண்டாவுக்காகச் சினைக் கிடேரியை விற்றிருந்தோம். பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரகர் ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு போனபோதும் நைனா இப்படித்தான் எங்கேயோ போயிருந்தார். கண்ணெதிரே நடப்பதைத் தடுக்க முடியாவிட்டால் அங்கே நிற்க மாட்டார். அது அவர் சுபாவம்.

நைனா பாதி வயது வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பாதிப் பங்கு வாரத்துக்கு ஒரு எருமைக் கன்றை வாங்கி வளர்த்து, அதிலிருந்து ஒன்று இரண்டாகி, நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் மூன்று கறவை எருமைகள் சொந்தமாக நின்றன. பால் பட்டணத்துக்குப் போகும். விடியற்காலைப் பாசஞ்சரில் கேனோடு ஏறி, யானைகவுனிப் பக்கம் ஒரு காபி கிளப்பின் பின்கதவில் ஊற்றிவிட்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். என் பள்ளிச் சம்பளம், சட்டை, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக் கட்டணம் எல்லாம் அந்தப் பின்கதவிலிருந்து வந்தவைதான்.

அந்த வருஷம் கிளப் முதலாளி கடையைப் பெரிதாக்கினார். இனிமேல் இரண்டு மடங்கு பால் வேண்டும், முடியாவிட்டால் சொல்லிவிடு, வேறு ஆள் இருக்கிறது என்றார். காலைப் பாலில் எங்களுக்கு அவ்வளவு கிடையாது. சாயங்காலப் பாலை அம்மா உறை ஊற்றி ஆரணியில் தயிராக விற்றுக்கொண்டிருந்தாள். அதையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாகும். ராத்திரி முழுக்க ஈர மணலில் கேனைப் புதைத்து வைத்து, காலையில் கொண்டு போனார் நைனா. மாசி வரைக்கும் பிழைத்தது. பங்குனியில் வெயில் ஏற ஏற, கிளப் அடுப்பில் வைத்ததும் பால் திரிந்தது. ஒரு முறை திரும்பி வந்தது. இன்னொரு முறையும் வந்தது. மூன்றாவது முறை திரிந்தால் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடச் சொல்லிவிட்டார் முதலாளி. அந்தக் கதவு மூடினால் எங்களுக்கு வேறு கதவு கிடையாது.

நான் அப்போது வேலை தேடி அலுத்துப்போய் வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அரசாங்கக் கால்நடைப் பண்ணை ஒன்றில் சில வாரங்கள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். அங்கே ஒரு பெரிய யந்திரத்தில் பாலைக் கொதிக்க விடாமல் சூடு காட்டி, உடனே குளிர வைத்தார்கள். அந்தப் பால் மறுநாள் வரைக்கும் கெடவில்லை. இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவன் இதை எப்படிச் செய்வது என்று கேட்டேன். ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், நடுவில் தண்ணீர், ஒரு பாரன்ஹீட் உஷ்ணமானி, அவ்வளவு போதும் என்றார் அங்கிருந்த உத்தியோகஸ்தர்.

அப்படிச் செய்து பார்ப்பதற்கு முன்னால், சின்ன யந்திரமாகக் கடையில் கிடைக்குமா என்று பட்டணத்தில் ஒரு பெரிய கம்பெனியில் ஏறி விசாரித்தேன். அங்கே இருந்த குமாஸ்தா, எத்தனை மாடு என்று கேட்டார். மூன்று எருமை என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், பிறகு விலையைச் சொன்னார். அந்த விலைக்கு எங்கள் வீடு, மாடு, கொட்டகை எல்லாவற்றையும் விற்றாலும் போதாது.

வீட்டில் நைனாவிடம் அண்டா யோசனையைச் சொன்னேன்.

"காச்சினா காச்சின பாலு. காச்சலன்னா பச்சப் பாலு. நடுவுல இன்னாடா அது?" என்றார்.

"நடுவுலதான் நைனா. கொதிக்க வுடக்கூடாது. நூத்தி நாப்பத்தஞ்சு டிகிரி சூட்டுல அரை மணி நேரம் வெச்சினு, அப்பால சட்டுனு ஆற வெச்சிடணும். பாலைக் கெடுக்கற பூச்சி செத்துடும்."

"பூச்சியா? என் பாலுலயா?"

"எல்லார் பாலுலயும் கீது நைனா. கண்ணுக்குத் தெரியாது."

அம்மா உள்ளிருந்து, "படிச்ச புள்ள சொல்லுது, கேளேன்" என்றாள்.

"படிச்ச புள்ளைக்கி வேல கெடச்சிருந்தா, பூச்சியத் தேடிக்கினு இருக்குமா?" என்றார் நைனா. மறுநாள் காலையில், கிடேரிக்கு ஆள் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

தகரக்கடை பாய் நான் வரைந்து கொண்டுபோன படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார். "தம்பி, கல்யாணத்துக்கு பிரியாணி அண்டா பண்ணிக் குடுத்துக்கீறேன். பழவேற்காட்டுல போட்டுக்காரங்களுக்குத் தண்ணி எறைக்கற எறவாளி பண்ணிக் குடுத்துக்கீறேன். பாலுக்குக் காய்ச்சல் பாக்கற அண்டா இப்பத்தான் பண்ணப் போறேன்" என்றார். வெளியே நாகத் தகட்டில் ஒரு உருளை. உள்ளே ஈயம் பூசிய பித்தளை அண்டா, மூன்று கால் வைத்து, அடியிலும் சுற்றிலும் தண்ணீர் நிற்க இடம் விட்டு. மூடியில் உஷ்ணமானி நுழைய ஒரு ஓட்டை. அடியில் குழாய் வைக்கலாமா என்று கேட்டேன். "வெக்கலாம். காசு ஏறும். அது ஒழுவுனா என்னைத்தான் திட்டுவீங்க. தூக்கி ஊத்திக்கங்க, கை இல்லியா?" என்றார். குழாய் வேண்டாம் என்றேன். உஷ்ணமானியும் பழைய டைம்பீஸ் ஒன்றும் பட்டணத்திலிருந்து நானே வாங்கி வந்தேன். கிணற்றடியில், அண்டாவை இறக்கி ஆற வைக்க ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினோம்.

அந்த முதல் சாயங்காலம், சவுக்கு மிலாறுச் சுள்ளிகளை வைத்து அடுப்பை மூட்டினேன். பால் மெதுவாகச் சூடேறியது. நான் கிண்டிக்கொண்டே உஷ்ணமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொங்கும் பொங்கும்னு பாத்துக்கினே கீறேன், பொங்கக் காணோமே" என்றாள்.

"பொங்கக் கூடாது பெரிம்மா."

"புது ஏனத்துல மொதப் பாலு பொங்காத எறக்கறதா? இன்னாடி இது, உம்புள்ள இப்பிடிச் சொல்லுது?"

நான் டைம்பீஸைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் அம்மா இன்னும் ஒரு கை மிலாறை அடுப்பில் ஏற்றிவிட்டாள். உஷ்ணமானியின் வெள்ளிக் கோடு நூற்று அறுபதைத் தாண்டி ஓடியது. நான் அவசரமாக விறகை வெளியே இழுத்தேன்.

"இன்னாம்மா நீ!"

"ஒரே ஒரு வாட்டிடா. பொங்கறதைக் கண்ணால பாத்துட்டு எறக்கிடறேன். கிடேரிய வித்துட்டு வாங்கின ஏனம். பொங்காத வுட்டா எம்மனசு ஆறாது."

அவள் கண் கலங்கியிருந்தது புகையாலா வேறெதனாலா என்று எனக்குத் தெரியவில்லை. புது வீடு போனாலும் புதுப் பானை வாங்கினாலும் முதல் பால் பொங்கி வழிய வேண்டும் என்பதை அவளிடம் டிகிரிக் கணக்கால் மறுக்க முடியாது. பாய்தான் வழி சொன்னார். "அக்கா, ஒரு சொம்புல கொஞ்சம் மொண்டு பக்கத்து அடுப்புல வெச்சிப் பொங்க வுடு. சாமிக்கு அது. பட்டணத்துக்கு இது. ரெண்டு பேரும் சண்டைக்கி வரமாட்டாங்க." அப்படியே செய்தோம். சொம்பு பொங்கி வழிந்தது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்த நாளிலிருந்து மிலாறுக்குப் பதிலாக வறட்டியை எரித்தோம். அதன் சூடு ஒரே சீராக நின்றது.

முதல் பாலைக் கிளப்புக்கு அனுப்பத் துணிவு வரவில்லை. கேனில் ஊற்றி மறுநாள் மத்தியானம் வரைக்கும் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவு. ரயிலடியிலிருந்து திரும்பிய நைனா, கேட்காமலே தன் வழக்கப்படி பாலைக் கேனில் ஊற்றி மூடி வைத்தார். மத்தியானம் காய்ச்சிப் பார்த்தால் பால் திரிந்தது. நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் கேன் மூடியைக் கவிழ்த்தபோது ஒரு பிடி வைக்கோல் உருண்டை கீழே விழுந்தது. அதைக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"இது எதுக்கு நைனா?"

"தளும்பாம இருக்கத்தான். ரயிலு ஆட்டற ஆட்டத்துல பாதி பாலு வெளிய பூடும். எல்லா பால்காரனும் வெக்கறதுதான்."

பால் ரயிலில் ஏறும் ஒவ்வொரு கேனின் வாயிலும் அந்த வைக்கோல் இருக்கும். அன்று கேன் எங்கேயும் போகவில்லை, தளும்ப வழியே இல்லை. இருந்தாலும் கை பழக்கத்தில் வைத்திருக்கிறார். பூச்சியைக் கொன்ற பாலில் வைக்கோல் வழியாகப் புதுப் பூச்சியை நாமே குடியேற்றியிருக்கிறோம் என்று விளக்கினேன். அவர் வைக்கோலை எடுத்து முகர்ந்து பார்த்தார். "நல்ல வைக்கலுதான்" என்றார். ஆனாலும் அன்றிலிருந்து கேனை வெந்நீரில் அலசி, வெந்நீரில் முக்கி எடுத்த துணியை மூடிக்கு அடியில் வைத்து இறுக்கினோம். அடுத்த பால் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நின்றது.

அதற்கப்புறம் எங்கள் வேலை இரட்டிப்பானது. மாலையில் மூன்று எருமையும் கறந்து முடித்ததும் அடுப்பு. நான் அரை மணி நேரம் புகையில் குனிந்து கிண்டுவேன். பிறகு அம்மாவும் நானும் ஆளுக்கொரு காது பிடித்து அண்டாவைத் தொட்டியில் இறக்குவோம். தொட்டித் தண்ணீர் சூடாகிவிடும், மாற்ற வேண்டும். மறுபடி சூடாகும், மறுபடி மாற்ற வேண்டும். சித்திரையில் கிணறு அடியில் கிடந்தது. வாளி போய்த் தண்ணீரைத் தொடுகிற சத்தம் கேட்கவே நேரமாகும். அம்மாவின் உள்ளங்கை கயிறு உராய்ந்து தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த நாளும் இறைத்தாள். பாயில் சாய்ந்ததும் மூவரும் தூங்கிப்போவோம். ஆனால் பால் திரும்பி வரவில்லை. கத்திரி வெயில் தொடங்கியும் வரவில்லை. மற்றப் பால்காரர்கள் வழியிலேயே திரிந்த பாலைக் கொட்டிவிட்டுத் திரும்பிய நாட்களிலும் நைனா பாலைக் கிளப்பில் ஊற்றிவிட்டு வெறும் கேனோடு வந்தார்.

ஒரு நாள் நைனா, "நாளைக்கி நீயும் வா. மொதலாளி பாலப் பத்தி கேட்டுக்கினே கீறாரு. நீ சொன்னா தெளிவா சொல்லுவே" என்றார். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன்.

கிளப்பின் பின்கதவு ஒரு சந்தில் இருந்தது. கடைப் பையன் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டு விலகி நிற்பான். நைனா சந்தில் நின்றபடி, கேன் பாத்திரத்தில் படாமல் மேலிருந்து ஊற்றுவார். அன்றும் அப்படித்தான் ஊற்றத் தொடங்கினார். முதலாளியே கதவுக்கு வந்துவிட்டார். விபூதி பூசிய, களைத்த மனிதர்.

"ஏம்ப்பா, ஊர்ல இருக்கற பாலெல்லாம் திரிஞ்சு போறது. ஒன் பால் மட்டும் கல்லு மாதிரி நிக்கறதே. என்ன பண்றே? சோடா உப்பு கிப்பு போடறியா?"

நைனா ஊற்றுவதை நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் பால்காரனைப் பார்த்து இதைவிடக் கேவலமாக ஒன்று கேட்க முடியாது. "சோடாவா? பெத்த புள்ள மேல சத்தியம் பண்றேன் சாமி. தோ கீறான் எம்புள்ள. படிச்சவன். இவன்தான் ஒரு அண்டா பண்ணிக்கீறான். சாய்ங்காலப் பாலைச் சூடு காட்டி ஆற வெச்சிடறோம். வேற ஒண்ணும் கெடயாது" என்றார்.

"சூடு காட்டின்னா? வெயில்லயா?"

"அடுப்புல சாமி."

"யாராத்து அடுப்புல?"

"எங்க ஊட்டு அடுப்புலதான்."

முதலாளி சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். பையனை உள்ளே போகச் சொல்லிவிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார்.

"கொதிக்க விடறதில்லைங்க. நூற்று நாற்பத்தைந்து டிகிரிதான். சத்து, ருசி எதுவும் மாறாது" என்றேன். பயிற்சியில் கற்றதை ஒப்பிக்கிற மாதிரி என் குரல் எனக்கே கேட்டது.

"டிகிரி இருக்கட்டும் தம்பி. பச்சைப் பால்னா யார் கறந்தா என்ன, நான் கேட்டதே இல்லை. அது மாட்டுக்கிட்டேர்ந்து வரது. என் அடுப்புல காஞ்சா அது என் ஆத்துப் பால். உங்க அடுப்புல ஏறியாச்சுன்னா அது பால் இல்லை, சமையல். உங்காத்துச் சமையலை இங்க வந்து காபி குடிக்கறவாளுக்கு நான் ஊத்திண்டிருக்கேன்." அவர் கோபமாகப் பேசவில்லை. பயந்திருந்தார். "எத்தனை நாளா?"

"சித்திரை பொறந்ததுலேர்ந்து சாமி."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாத்திரமெல்லாம் மாத்தணும். புண்ணியாவசனம் பண்ணணும். அதுக்கு என்ன காரணம் சொல்றதுன்னு வேற தெரியலை. பாக்கி நிக்கற பால் பணத்தை எங்கிட்ட கேக்காதே. நீயும் வாயைத் திறக்காதே, நானும் திறக்கலை" என்றார்.

"நாளையிலிருந்து பச்சைப் பாலே கொண்டு வந்துடறோம்" என்றேன்.

"மனசு ஒப்பாதுப்பா."

நைனா படியிலிருந்த பாத்திரத்தைத் தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டார். முதலாளி தலையாட்டினார். ஊற்றிய பாலைத் திரும்பக் கேனில் சாய்த்துக்கொண்டு, மூடியை அழுத்தி, "சோடா போடலன்னு தெரிஞ்சிக்கினீங்க இல்ல சாமி" என்றார்.

"தெரியறதுப்பா."

ரயிலில் நான் நினைத்துக்கொண்டே வந்தேன். அதே பாலைப் பெரியம்மா காய்ச்சாத பால் என்றாள். இங்கே காய்ச்சின பால் என்றார்கள். இரண்டு இடத்திலும் அது கூடாத பாலாக இருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தூக்கம்தான் வந்தது. கவரைப்பேட்டையில் நைனா தோளைத் தட்டி எழுப்பினார். வெயிலில் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அம்மா நிறைந்த கேனைப் பார்த்ததும் திரிந்துவிட்டது என்று நினைத்தாள். காய்ச்சிப் பார்த்தாள். திரியவில்லை. அதைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னபோது, "நம்ம அடுப்புக்கு இன்னாவாம்?" என்று மட்டும் கேட்டாள். நைனா கொட்டகைக்குப் போனார்.

வேறு கிளப்புகளில் கேட்டுப் பார்த்தோம். எங்கள் அடுப்பில் ஏறிய பால் என்றதும் அங்கேயும் வேண்டாம் என்றார்கள். பொய் சொல்லி ஊற்றலாமே என்று அம்மா ஒரு முறை சொன்னாள். "ஒருத்தனாண்ட சொல்லிட்டேன். இனிமே எப்பிடி மாத்திச் சொல்றது?" என்றார் நைனா. கடைசியில் எளாவூரில் லாரிக்காரர்கள் நிற்கிற டீக்கடை ஒன்று கிடைத்தது. சூடு காட்டின பால் என்று முதலிலேயே சொன்னேன். "அதுக்கின்னா, எனக்கு வெறகு மிச்சம்" என்றார் கடைக்காரர். பிறகு, "சூடு காட்டுனா ஏடு எடுத்துருப்பீங்க. அதுக்குத் தக்கன கொறச்சிக்கங்க" என்று விலையை இறக்கினார். ஏடு எடுக்கவில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அந்த விலைக்கே ஒப்புக்கொண்டோம். அங்கே போக ரயில் வேண்டாம், எளாவூர்ப் பக்கம் போகிற வண்டிகளில் கேனை ஏற்றிவிட்டால் போதும். ஆனால் அவருக்குப் பாதிப் பாலுக்கு மேல் தேவையில்லை. மீதியை அம்மா மறுபடி உறை ஊற்றினாள். ஆவணியில் ஒரு எருமையை விற்றோம். மூன்று எருமைப் பாலை வாங்க ஆள் இல்லாதபோது மூன்றுக்குத் தீனி போட முடியாது.

அன்று தரகர் போன பிறகு நைனா வாசலில் உட்கார்ந்து, கையிலிருந்த பணத்தை எண்ணாமலே அம்மாவிடம் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"கணக்கு எனக்கு வராது. நீதான் சொல்லணும். அந்த அண்டா, அந்தக் கண்ணாடிக் குச்சி, கடியாரம், தொட்டி, கிளப்புல வுட்ட பணம், இன்னி வரைக்கும் டீக்கடையில கொறச்சது, எல்லாம் சேத்து நமக்கு எம்மாம் ஆச்சி?"

"எதுக்கு நைனா இப்போ?"

"திட்டறதுக்கு இல்லடா. தெரிஞ்சிக்கலாம்னுதான். தெரியாத இருந்தா மனசு அதையே சுத்திக்கினு கீது."

நான் உள்ளே போய்ப் பென்சிலை எடுத்து வரவில்லை. எனக்கு அது மனப்பாடமாகவே இருந்தது. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இருநூற்று நாற்பத்தாறு ரூபாய் ஒன்பது அணா என்றேன்.